ஸ்க்ரூ பல்லா, பல் செட்டா? சங்கிலியை அடகு வைக்கும் முன் யோசியுங்கள்!

-நமது நிருபர்-

அபிஷேகப்பாக்கத்தில் ஒரு டீக்கடை. சாயங்கால நேரம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், பிஸ்கட்டை டீயில் ஊற வைத்து விழுங்கிக் கொண்டிருந்தார். முறுக்கு வாங்கி நீட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டு விட்டார்!

"கீழ் வாயில ஒரு பல்லு கிடையாது தம்பி. கறி தின்னு ஒரு வருஷம் ஆச்சு. இம்பிளான்ட் போட்டா இரும்பைக் கூட கடிக்கலாம்னு சொல்றாங்க. சங்கிலியை அடகு வச்சுக்கோன்னு சம்சாரம் சொல்றா. போடலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

இது அவர் ஒருவரின் கேள்வி அல்ல. பல் போன எல்லோருடைய கேள்வியும் இதுதான்.

இம்பிளான்ட் என்றால் என்ன?

தாடை எலும்பில் துளை போட்டு டைட்டானியம் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள். எலும்பு அதைப் பிடித்துக் கொண்டதும், மேலே பல்லை மாட்டுகிறார்கள்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக் கொள்ளும் என்பதைக் கண்டுபிடித்தவர் சுவீடன் நாட்டு டாக்டர் பிரோன்மார்க். 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். அந்த மனிதர் 2006-ல் இறக்கும் வரை, 40 வருடங்களுக்கு மேல் அந்தப் பல் உழைத்தது!

ஆக, இது ஏமாற்று வேலை அல்ல. நல்ல வைத்தியம்தான். ஆனால் எல்லோருக்கும் ஏற்றதா? அங்கேதான் சிக்கல்.

பீடியை மறைத்தார்!

"சர்க்கரை இருக்கா ஐயா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

"இருக்குது. மாத்திரை போட்டாப் போடுவேன், இல்லேன்னா இல்லே."

"பீடி?"

பதில் இல்லை. சட்டைப் பையைக் கையால் மறைத்துக் கொண்டார்.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, பீடி, சிகரெட் இவைதான் இம்பிளான்டுக்கு முக்கிய எதிரிகள். புண் ஆறுவது தாமதமாகும். ஸ்க்ரூவை எலும்பு பிடிக்காமல் போகலாம். கொட்டிய பணமும் போகும்.

எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்கு இது ஆகாது.

பல் போய் நாளானால் தாடை எலும்பு கரையும். ஸ்க்ரூ நிற்க எலும்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இல்லை என்றால் எலும்பு வைக்க வேண்டி வரும். செலவு ஏறும்.

பல்லுக்கு ஒரு ஸ்க்ரூ வேண்டாம்

கீழ் வரிசை முழுக்கப் போனவர்கள் ஒவ்வொரு பல்லுக்கும் ஸ்க்ரூ போட வேண்டியதில்லை. இரண்டே ஸ்க்ரூ போட்டு, அதன் மேல் கழற்றி மாட்டும் செட்டைப் பிடிக்க வைக்கலாம். 2002-ல் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் இதையே சிபாரிசு செய்தார்கள்.

அதற்கும் வசதி இல்லையா? சாதாரண செட் இருக்கிறது. ஒன்றிரண்டு பல் மட்டும் போயிருந்தால் பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் 'பிரிட்ஜ்' உண்டு. ஆனால் அதற்காகப் பக்கத்துப் பற்களை ராவுவார்கள்.

இம்பிளான்டில் சொத்தை விழாது. ஆனால் சுத்தம் செய்யாவிட்டால் சுற்றியுள்ள ஈறு சீழ் பிடித்து, ஸ்க்ரூ ஆடிப் போகும்.

வாணியம்பாடியில் 8 பேர் பலி

போடுவது என்று முடிவு செய்து விட்டால், எங்கே போடுவது? விலை மலிவை மட்டும் பார்க்காதீர்கள்.

2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போன 10 பேரை மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய நோய் தாக்கியது. 8 பேர் இறந்தார்கள்!

மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமியால் வரும் 'மெலியாய்டோசிஸ்' என்ற நோய் அது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் மற்ற நிபுணர்களும் துப்புத் துலக்கினார்கள். சுத்தம் செய்யாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதையே பல பேருக்குப் பயன்படுத்தியதுதான் காரணம் என்று 2025-ல் அறிக்கை வந்தது.

அங்கே நடந்தது இம்பிளான்ட் சமாச்சாரம் அல்ல, பல் வைத்தியம். ஆனால் எலும்பையே துளைக்கும் இம்பிளான்டுக்கு எவ்வளவு சுத்தம் தேவை என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

கூச்சப்படாமல் கேளுங்கள்

* என் சர்க்கரை அளவுக்கு இப்போது போடலாமா?
* எலும்பு போதுமா?
* ஸ்கேன், ஸ்க்ரூ, மேல் பல் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எழுதிக் கொடுப்பீர்களா?
* எத்தனை மாதம் ஆகும்? (பல பேருக்கு 3 முதல் 6 மாதம் வரை எலும்பு பிடிக்கக் காத்திருக்க வேண்டும்.)
* கருவிகளைக் கிருமி நீக்கம் செய்தீர்களா? சலைன் புது பாட்டிலா?

இதைக் கேட்டால் கோபப்படும் இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். "இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்தினால், செருப்பை மாட்டிக் கொண்டு கிளம்பி விடுங்கள். இன்னொரு டாக்டரிடமும் கேட்பது தப்பே இல்லை. கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பெரியவரும் கோரிமேட்டுக்கு பஸ் ஏறினார். முதலில் சர்க்கரையைக் குறை, பீடியை விடு, அதுவரை செட் போதும் என்று சொல்லி அனுப்பி விட்டார்களாம்.

மறுபடியும் அதே டீக்கடையில் பார்த்தேன். சட்டைப் பையில் பீடிக்கட்டு இல்லை.

"ரெண்டு ஸ்க்ரூ அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்றார்.

சங்கிலி சம்சாரத்தின் கழுத்தில் பத்திரமாக இருக்கிறது!