கருஞ்சேறு காக்கும் கரி

சேற்றில் கால் புதைந்த பிறகுதான் இப்படியொரு கட்டுரை எழுத வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்குத் தோன்றிற்று. நம் பள்ளி அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள், சிஸ்டருடனும் எங்கள் அறிவியல் ஆசிரியையுடனும் கூனிமேட்டுக் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு பை நிறையக் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு, வடக்கே மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்கப் போனோம். உப்பளத்தை ஒட்டிய உப்பங்கழியின் கரையில் பச்சையும் சிவப்புமாகப் படர்ந்திருந்த உமரிச் செடியைப் பறிக்கப் போன எங்களுள் ஒருத்தி, முழங்கால் வரை உள்ளே போய்விட்டாள். அவளை இழுத்து வெளியே எடுத்தபோது காலோடு வந்தது மை போன்ற கருஞ்சேறு. கூடவே அழுகிய முட்டை நாற்றம். கைகொடுத்த சிஸ்டரின் வெள்ளை உடுப்பின் விளிம்பிலும் சேறு.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஆயா ஒருவர் சிரித்துவிட்டார். "அந்தப் பக்கம் எறங்காதீங்க கண்ணுங்களா. நான் சின்னப் பொண்ணா இருக்கையில வுட்ட செருப்பு இன்னும் உள்ளதான் கெடக்குது" என்றார்.

திரும்பும் வழியில் ஆசிரியை எங்களிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். சேறு ஏன் கறுப்பாக இருக்கிறது? செருப்பு ஏன் மக்கவில்லை? இந்த இரண்டுக்கும் விடை தேடப் புகுந்த நாங்கள் காற்று, கடல், மண் எல்லாவற்றையும் சுற்றி வர வேண்டியதாயிற்று.

கார்பன் எனப்படும் கரி, அடுப்புக் கரியில் மட்டும் உள்ள பொருளன்று. அரிசியிலும், மரத்திலும், மீனிலும், நம் உடலிலும் அது உண்டு. காற்றில் அது கரியமில வாயுவாக இருக்கிறது. உலகில் எங்கெங்கே எவ்வளவு கரி இருக்கிறது என்று விஞ்ஞானிகள் போட்டிருக்கும் கணக்கு, லட்சம் கோடி டன்களில் வருவதால் மனத்தில் நிற்பதில்லை. ஆகவே நாங்கள் அதை ரூபாயாக மாற்றிக்கொண்டோம். காற்று மண்டலத்தில் உள்ள கரியை 1 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உலகிலுள்ள செடிகொடி மரங்கள் அனைத்திலும் இருப்பது எட்டணா. மண்ணில் மக்கிக் கிடப்பது ஏறத்தாழ 2 ரூபாய். கடலில் இருப்பதோ 40 ரூபாய்க்கு மேல்! காடுகளே பெரிய பெட்டகம் என்று எண்ணியிருந்த எங்களுக்கு அந்த எட்டணா பெரும் வியப்பைத் தந்தது.

இந்தப் பணம் ஓரிடத்தில் தூங்குவதில்லை. இலை காற்றிலிருந்து எடுக்கிறது, உதிர்ந்து மக்கும்போது திருப்பித் தருகிறது. கடலின் மேற்பரப்பு ஓரிடத்தில் உறிஞ்சுகிறது, வேறோரிடத்தில் விடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்தே இருந்தன. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிக்கத் தொடங்கியதும் கணக்கு மாறியது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் 10 லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கிய 1958-ஆம் ஆண்டில் சுமார் 315 ஆக இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளிவிடுவதெல்லாம் காற்றிலேயே தங்கியிருந்தால் இது இன்னும் வெகுவாக ஏறியிருக்கும். ஏறத்தாழ கால் பங்கைக் கடலும், அதைவிடச் சற்று மிகுதியாக நிலத்துத் தாவரங்களும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன.

கடல் எப்படி வாங்குகிறது? கோலி சோடாவை நினைத்துக்கொண்டால் போதும். குளிர்ந்த நீரில் வாயு நன்றாகக் கரையும். வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தால் பொங்கி வழிந்து சப்பென்று ஆகிவிடும். கடலும் அப்படித்தான். துருவங்களை ஒட்டிய குளிர்ந்த நீர் நிறைய வாயுவைக் கரைத்துக்கொண்டு ஆழத்தில் இறங்குகிறது. அந்த நீர் மறுபடி வெயிலைக் காண நூற்றுக்கணக்கான ஆண்டுகள், சில இடங்களில் ஓராயிரம் ஆண்டுகள்கூட ஆகும். கடல் சூடாகச் சூடாக இப்படி வாங்கும் ஆற்றலும் குறையும் என்பதுதான் கவலை. கரைந்த வாயு நீரின் தன்மையையும் மாற்றுகிறது. கடல்நீர் இன்னும் காரத்தன்மை உடையதுதான். ஆயினும் தொழிற்புரட்சிக்குப் பின் அதன் பி.எச். அளவு 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. பார்வைக்குச் சிறிய எண்ணாயினும், அமிலத்தன்மை ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிட்டது என்பது அதன் பொருள். சிப்பியும் பவளமும் ஓடு கட்டுவது இதனால் கடினமாகிறது.

இரண்டாவது வழி உயிர்களின் வழி. கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் கடலின் மேற்பரப்பில் வெயிலைக் கொண்டு உணவு சமைக்கின்றன. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி இவற்றுடையது. அவை மடிந்து, மீன்களின் கழிவோடு சேர்ந்து, மழைத்தூறல்போல ஆழத்திற்கு இறங்குகின்றன. பெரும்பகுதி வழியிலேயே தின்னப்பட்டுவிடும். நூற்றில் ஒரு பங்கு போல்தான் அடியில் புதைகிறது. நம் வங்கக் கடலுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அள்ளிவரும் வண்டல் கடலடியில் விசிறிபோல் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரவிக் கிடக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி இதுவே. அந்த வண்டலோடு இலைதழைகளின் கரியும் புதைந்துகொண்டே இருக்கிறது.

இனி நாங்கள் பொறுக்கிய கிளிஞ்சலுக்கு வருவோம். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். ஒரு சொட்டு வினிகர் விட்டாலே நுரைத்துக் கரியமில வாயு வரும். ஆகவே கடல் தன் கரியைக் கிளிஞ்சலில் பூட்டி வைக்கிறது என்று நாங்கள் பெருமையோடு எழுதிக்கொண்டு போனோம். ஆசிரியை தலையசைக்கவில்லை. கரும்பலகையில் சமன்பாட்டை எழுதி எங்களையே சரி செய்யச் சொன்னார். கடல்நீரில் உள்ள கரியில் பெரும்பகுதி பைகார்பனேட்டாக இருக்கிறது. ஓடு கட்டும்போது இரண்டு பங்கு பைகார்பனேட்டில் ஒரு பங்கு கல்லாகிறது. மற்றொரு பங்கு கரியமில வாயுவாகி நீரில் விடப்படுகிறது! அதாவது சிப்பி ஒரு கையால் சேமித்து மறு கையால் செலவும் செய்கிறது.

இதே செயல் மரக்காணத்துப் பாத்திகளிலும் நடக்கிறது என்பது இன்னும் சுவையானது. உவர்நீர் வற்றும்போது சமையல் உப்பு முதலில் படிவதில்லை. முதலில் படிவது அந்தக் கால்சியம் கார்பனேட்தான். அடுத்து ஜிப்சம். நீரின் அடர்த்தி பாமே அளவில் 25 டிகிரிக்கு ஏறிய பிறகே நம் வீட்டு உப்பு பூக்கத் தொடங்கும். ஆகவே உப்பளப் பாத்தி கரியைச் சேமிக்கும் இடம் என்று சொல்ல முடியாது. எங்கள் தோழியர் பலரின் அம்மாமார் அந்தப் பாத்திகளில்தான் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கிறார்கள். உப்பளத்தைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. சேமிப்பு இருக்கும் இடம் பாத்தி அல்ல, பாத்திக்கு அப்பால் உள்ள சேறு என்பதைத் தெளிவாக்கவே எழுதுகிறோம்.

மண்ணிலும் சேமிப்பு உண்டு. கூனிமேட்டுக்குத் தெற்கே கீழ்ப்புத்துப்பட்டில் அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு பழங்காடு இருக்கிறது. இந்தக் கடற்கரைக்கே உரிய, என்றும் பசுமை மாறாத வறண்ட காட்டின் மிச்சம் அது. கோயிற்காடு என்பதால் தலைமுறை தலைமுறையாக வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அதன் தரையில் சருகு மக்கி, மணல் கறுத்துக் கிடக்கிறது. சற்றுத் தள்ளியுள்ள சவுக்குத் தோப்பின் மணலோ வெளிறியிருக்கிறது. சவுக்கும் கரியை எடுத்துத்தான் வளர்கிறது. ஆனால் நாலைந்து ஆண்டில் வெட்டி, கம்பாகவும் விறகாகவும் போய்விடும். அப்பா மாதச் சம்பளத்தை வாங்கி மளிகைக் கடைக்குக் கொடுப்பது போன்ற கணக்கு அது.

அஞ்சலகத்தில் நீண்ட காலத்திற்குப் போட்டு வைத்த பணத்தைப் போன்றது கழிமுகச் சேறு. அலையாத்திச் செடிகள் காற்றிலிருந்து எடுத்த கரியை வேராகவும் இலையாகவும் சேற்றில் விடுகின்றன. ஒவ்வொரு ஏற்றமும் புதிதாய் வண்டலைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்துகிறது. நீர் நிறைந்த சேற்றுக்குள் ஒரு விரற்கடைக்குக் கீழே பிராண வாயு போகாது. பிராண வாயு இல்லையேல் மக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். ஆயாவின் செருப்பு மட்டுமல்ல, அவருடைய பாட்டியின் பாட்டி காலத்து இலைகூட உள்ளே கிடக்கலாம். பிராண வாயு இல்லாமலே பிழைக்கும் சில நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்பேட்டைக் கொண்டு வாழ்கின்றன. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த முட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்து உண்டாகும் சல்பைடுதான் அந்தக் கறுப்பு. உப்பில்லாத சதுப்பு நிலமாயிருந்தால் அந்த இடத்தில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மிகுந்துவிடும். மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. கடல்நீர் வந்து போவது இந்த வகையிலும் நமக்கு நல்லதே.

கடலோரச் சேறும் கடற்புல்லும் அலையாத்தியும் காக்கும் இந்தக் கரிக்கு 2009-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் அறிக்கையொன்று 'நீலக் கரி' என்று பெயர் சூட்டியது. இந்தோ-பசிபிக் பகுதி அலையாத்திக் காடுகளை அளந்து 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக சுமார் 1,000 டன் கரி இருப்பதாகக் கூறியது. அதில் பெரும்பகுதி மரத்தில் இல்லை, மரத்தடிச் சேற்றில்தான்.

அப்படியானால் மரத்தை வெட்டினாலும் சேறு இருக்குமே என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சிதம்பரத்துக்கு அருகில் பிச்சாவரத்தில் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமே ஓர் அலையாத்தி மரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிச்சாவரக் காட்டை இருபதாம் நூற்றாண்டில் பல்லாண்டுகள் பகுதி பகுதியாக ஒட்ட வெட்டி எடுத்தார்கள். மறுபடி முளைத்துவிடும் என்பது கணக்கு. ஆனால் நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. சேறு உலர்ந்து சுருங்கி அமிழ்ந்தது. காட்டின் நடுப்பகுதி தட்டுப்போல் பள்ளமாயிற்று. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பு மிகுந்துவிட்டது. விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. உலர்ந்த சேற்றில் காற்றுப் புகுந்தால் நெடுங்காலமாகப் புதைந்திருந்த கரியும் கரியமில வாயுவாகி வெளியேறும் என்பதை இப்போது நாமே ஊகிக்கலாம்.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே செய்த வேலை எளிமையானது. மீன் முள்ளைப் போல் நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஏற்றமும் வற்றமும் மறுபடி உள்ளே வந்து போயின. உப்பு குறைந்தது, நட்ட செடி பிடித்தது. நீர் ஓடுவதற்கு வழி செய்யாமல் செடியை மட்டும் நட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. ஊர்தோறும் கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நாமெல்லாரும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் பக்கத்தில் கூனிமேட்டுக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது கழுவெளி. மழைக்காலத்தில் மேற்கேயுள்ள ஏரிகளின் நீரெல்லாம் அதில் சேர்ந்து மரக்காணம் அருகே உப்பங்கழி வழியாகக் கடலை அடைகிறது. ஒருபுறம் நன்னீர், மறுபுறம் உப்புநீர். 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் 5,151 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரையைக் காண வருபவர்கள் அது நிற்கும் சேற்றைப் பார்ப்பதில்லை. கழியோரத்தை வெட்டி இறால் குட்டை தோண்டுவதும், ஓரிரு ஆண்டில் நோய் வந்ததும் அப்படியே விட்டுப் போவதும் நம் கடற்கரை நெடுக நடந்திருக்கின்றன. அப்போது அள்ளிப் போட்டது வெறும் சேறு என்றே எல்லாரும் நினைத்தோம்.

அன்று காலில் ஒட்டி வந்த சேற்றை நாங்கள் கழுவிக் கொட்டிவிடவில்லை. இரண்டு பங்காக்கி, ஒன்றைப் புட்டியில் இட்டு, மேலே உவர்நீர் ஊற்றி இறுக மூடினோம். மற்றொன்றைத் தட்டில் பரப்பி ஜன்னல் ஓரத்தில் வைத்தோம். தட்டில் உள்ளது சில நாட்களிலேயே கறுப்பு மங்கத் தொடங்கி இப்போது சாதாரண வயல்மண்போல் பழுப்பாகிவிட்டது. நாற்றமும் போய்விட்டது. புட்டியில் உள்ளது அன்று இருந்தபடியே மையாக இருக்கிறது. இரண்டும் ஆய்வுக்கூடத்தில் இடதுபுற அலமாரியின் மேல்தட்டில் உள்ளன. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். புட்டியை மட்டும் திறக்க வேண்டாம் என்று சிஸ்டர் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்.