தாயைக் காக்கும் சான்று

மலாக்கா நகருக்கு வடமேற்கே, கடற்கரையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் தஞ்சோங் கிளிங். இவ்வூரிலும் இம்மாநிலத்தின் பிற ஊர்களிலும் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி கருவுற்றால், அவளுக்கு இரண்டு பக்கங்களிலிருந்து அறிவுரை வருவதுண்டு. ஒன்று, வீட்டுப் பெரியவர்களுடையது. தோட்டத்து லயத்தில் மருத்துவச்சியின் துணையோடு பிள்ளை பெற்ற தலைமுறையின் அனுபவம் அதில் அடங்கியிருக்கிறது. மற்றொன்று, அரசாங்கக் கிளினிக்கில் பணிபுரியும் தாதியுடையது. சில வேளைகளில் இவ்விரண்டும் மோதிக்கொள்கின்றன. பிறந்த குழந்தையின் நாவில் முதலில் சீனித் தண்ணீரோ தேனோ வைக்க வேண்டும் என்பார் பாட்டி. தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் கொடுக்கக் கூடாது என்பார் தாதி. இருவருமே தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் விரும்புகின்றனர். அப்படியானால் யார் சொல்வதைக் கேட்பது?

சொல்பவரின் வயதையோ பதவியையோ மட்டும் பார்த்து இதற்கு விடை காண முடியாது. அந்த வழக்கம் உண்மையில் நன்மை தருகிறது என்பதற்குச் சான்று உண்டா என்று பார்க்க வேண்டும். இவ்வாறு செயல்படுவதையே சான்றுசார் பேறுகாலப் பணி என்கிறோம். இதற்கு மூன்று தூண்கள் உள்ளன. முறையான ஆய்வுகளின் முடிவு முதலாவது. தாதியர், மருத்துவர் ஆகியோரின் கைதேர்ந்த அனுபவம் இரண்டாவது. தாயின் விருப்பமும் அவளது சூழலும் மூன்றாவது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பணி முழுமை பெறாது.

எண்ணிப் பார்ப்பதன் வலிமையை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று 19ஆம் நூற்றாண்டில் வியன்னா நகரில் நடந்தது. அங்கிருந்த பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தனர். முதல் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 தாய்மார் காய்ச்சல் கண்டு இறந்தனர். இரண்டாம் பிரிவிலோ ஏறத்தாழ 4 பேரே இறந்தனர். இதனால், முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சினார்கள்.

இந்த வேறுபாட்டின் காரணத்தை இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். முதல் பிரிவில் இருந்தவர்கள் பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளுடனேயே தாய்மாரைத் தொடுவதை அவர் கவனித்தார். எனவே, 1847ஆம் ஆண்டு மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகளைக் கழுவிய பிறகே பிரசவ அறைக்குள் நுழைய வேண்டும் என்று உத்தரவிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. ஆயினும், தங்கள் கைகளே நோயைப் பரப்பின என்பதை அக்கால மருத்துவர்கள் பலர் ஏற்க மறுத்தனர். செம்மல்வைஸ் 1865இல் மறைந்தபோதும் அவருக்கு உரிய மதிப்புக் கிடைத்திருக்கவில்லை. சான்று கண்முன் இருந்தாலும் பழகிய வழக்கத்தைக் கைவிடுவது எளிதன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

அனுபவம் மட்டும் ஏன் போதாது என்ற கேள்வி எழலாம். ஒரு மருத்துவச்சி நூறு பிரசவங்களில் ஒரு கஷாயத்தைக் கொடுத்து, நூறு தாய்மாரும் நலமாக இருந்தால், கஷாயமே காரணம் என்று அவர் நம்புவது இயல்பு. கஷாயம் இல்லாமலும் அவர்கள் நலமாக இருந்திருக்கக் கூடும். இதனை அறிய, ஒத்த நிலையில் உள்ள தாய்மாரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அம்முறையைக் கையாண்டு, முடிவுகளை ஒப்பிட வேண்டும். பல நாடுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது முடிவு மேலும் உறுதியாகிறது.

இவ்வாறு உரசிப் பார்த்தபோது, வீட்டு வழக்கங்களில் சில தேறவில்லை. மஞ்சள் நிறமாகக் கெட்டியாகச் சுரக்கும் சீம்பாலைச் சிலர் பீய்ச்சிக் கொட்டிவிடுவதுண்டு. உண்மையில் அதில் நோய் எதிர்ப்பாற்றல் நிறைந்துள்ளது. அதனால், குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டுமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் கடுமையான நச்சுநோய் ஏற்படும் அபாயமும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கமும் ஏற்கத்தக்கதன்று. பாலூட்டும் தாய்க்கு நீர் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

மருத்துவமனை வழக்கங்களும் இதே உரைகல்லில் உரசப்பட்டன. பிறப்பு வழியை எல்லாத் தாய்மாருக்கும் கத்தரித்துவிடுவது முன்பு பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. தேவை ஏற்படும்போது மட்டும் அவ்வாறு செய்வதே நல்லது என்பதை ஆய்வுகள் காட்டின. குழந்தை பிறந்தவுடன் தொப்புள் கொடியை இறுக்கும் அவசரமும் கைவிடப்பட்டது. குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்தால் குழந்தையின் உடலில் இரும்புச்சத்து மேம்படுகிறது.

பழைய வழக்கம் ஒன்று வென்றதும் உண்டு. லயத்து வீட்டில் பிரசவ வலி கண்ட பெண்ணின் அருகில் தாயோ அத்தையோ கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். பிரசவம் மருத்துவமனைக்கு மாறியபோது, பல இடங்களில் அந்தத் துணை கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. 17 நாடுகளைச் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் 2017இல் தொகுத்து வெளியிடப்பட்டன. இடைவிடாத துணை கிடைத்த பெண்கள் இயல்பாகப் பிள்ளை பெறும் வாய்ப்பு அதிகமென்றும் அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை குறைகிறது என்றும் அவை தெரிவித்தன.

பிரசவத்திற்குப் பின் ஏற்படும் உதிரப்போக்கு இன்றும் உலகில் பல தாய்மாரின் உயிரைப் பறிக்கிறது. இழந்த இரத்தத்தைக் கண்ணளவில் மதிப்பிடுவதால் ஆபத்து தாமதமாகவே தெரிகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அரி குமாரசாமி தலைமையிலான குழு இதற்கு ஓர் எளிய வழியைச் சோதித்தது. அளவுக் கோடுகள் இட்ட நெகிழி விரிப்பைத் தாயின் கீழ் விரித்து, வடியும் இரத்தத்தை அளந்தனர். அளவு மிகுந்தவுடன் கருப்பையைத் தேய்த்துவிடுதல், மருந்து செலுத்துதல் முதலிய சிகிச்சைகளை ஒருசேரத் தொடங்கினர். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் இம்முறை ஆராயப்பட்டது. 2023இல் முடிவு வெளிவந்தது. கடும் உதிரப்போக்கு, அதனால் நேரும் அறுவைச் சிகிச்சை, மரணம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்வது 60 விழுக்காடு குறைந்திருந்தது.

மலேசியாவும் சான்றின் வழியில் நடந்து பயன் கண்ட நாடாகும். 1950ஆம் ஆண்டில் இங்கு ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அடுத்த அரை நூற்றாண்டில் அவ்வெண்ணிக்கை 50க்கும் கீழே இறங்கியது. பயிற்சி பெற்ற தாதியரைச் சிற்றூர்களுக்கு அனுப்பியதும், கிராமத்து மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொள்ளாமல் அரவணைத்ததும், மருத்துவமனை வசதிகளைப் பெருக்கியதும் இதற்குக் காரணங்களாகும். கருவுற்ற பெண்ணின் பதிவேட்டில் அவளது ஆபத்து நிலையைக் காட்ட வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்கள் இடப்படுகின்றன. வெள்ளை என்றால் தாதியின் கவனிப்புப் போதும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 1991 முதல், நாட்டில் நிகழும் ஒவ்வொரு பேறுகால மரணமும் இரகசியமாக விசாரிக்கப்படுகிறது. யாரையும் தண்டிப்பது இவ்விசாரணையின் நோக்கமன்று. எங்கே தவறியது என்பதைக் கண்டறிந்து, அடுத்த தாயைக் காப்பதே அதன் நோக்கமாகும்.

சான்றைப் பின்பற்றுவது பெரியவர்களை அவமதிப்பதாகாது. சாம்பிராணிப் புகையின் மணமும் பத்தியச் சோற்றின் சுவையும் குடும்பத்தின் அன்பைச் சுமந்து வருகின்றன. அவற்றுள் தீங்கற்றவற்றைத் தொடரலாம். தீங்கு தருபவற்றை விலக்க வேண்டும். எது எந்த வகை என்று ஐயம் எழுந்தால், கிளினிக்கில் தயங்காமல் கேட்பது தாயின் உரிமை. காரணத்தோடு அவளுக்குப் புரியும்படி விளக்குவது தாதியின் கடமை. அந்த உரையாடலுக்குப் பாட்டியையும் அழைத்துச் சென்றால், வீட்டிலும் கிளினிக்கிலும் ஒரே அறிவுரை ஒலிக்கும்.