சில அடி உயரம்

குன்னூரிலோ கொடைக்கானலிலோ கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு மேட்டுத் தெரு என்றால் என்னவென்று முழங்காலே சொல்லிவிடும். அத்தகைய அன்பர் ஒருவரை வேதாரண்யத்துக்கு அழைத்து வந்து, "இங்கேயும் ஒரு மேட்டுத் தெரு உண்டு" என்றால் நகைப்பார். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான பூமி. ஆயினும் மேடு இருக்கத்தான் செய்கிறது!

வேதாரண்யேசுவரர் ஆலயத்திலிருந்து புறப்படுவோம். அப்பர் பாடத் திருக்கதவு திறந்ததாகவும், சம்பந்தர் பாட அடைத்துக்கொண்டதாகவும் ஐதிகம் கூறும் திருமறைக்காடு இதுவே. கிழக்கே சென்றால் சன்னதிக் கடல். தெற்கே செல்லும் சாலை அகஸ்தியம்பள்ளி வழியாகக் கோடியக்கரையை அடைகிறது. அலையும் காற்றும் நெடுங்காலமாகக் கரையோரம் குவித்த மணல் மேட்டின்மீது ஊர் அமைந்திருக்கிறது. உயரம் சில அடிதான். ஆனால் ஊரின் உயிரே அதில் அடங்கியிருக்கிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின்மேல் மிதந்து தங்குகிறது. ஆகவே மேட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு, மாந்தோப்பு, முல்லைத் தோட்டம். சற்றே இறங்கினால் சதுப்பு நிலமும் உப்பளமும்.

வண்டிமாடுகூட உணராத அந்த இறக்கத்தில்தான் 1930-ஆம் ஆண்டில் ஒரு சரித்திரம் நடந்தது. ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியில் ராஜாஜியுடன் கிளம்பிய தொண்டர்கள், சுமார் 150 மைல் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். உள்ளூர்ப் பிரமுகர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை அவர்களுக்குத் துணை நின்றார். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். தண்டனை ஆறு மாதச் சிறை. அந்த இடத்தில் இன்று நினைவு ஸ்தூபி நிற்கிறது.

உப்பை அள்ளுவதற்குத் தியாகம் வேண்டியிருந்தது. நல்ல தண்ணீரைக் காப்பதற்கோ நிதானம் வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயலில் கடல் புகுந்து உப்பளங்களைச் சேற்றால் மூடிற்று, தோப்புகள் சாய்ந்தன. தோப்பை மறுபடி நடலாம், உப்பளத்தையும் திருத்தலாம். மணலைத் தோண்டி அப்புறப்படுத்தி, கிணற்றையும் அளவின்றி இறைத்தால், அடியிலுள்ள உப்பு நீர் மேலே வந்துவிடும். பிறகு அதை இறக்குவது எளிதல்ல.

சாலையின் கோடியில், கோடியக்கரையில், இராமர் பாதம் என்னும் மணற்குன்று இருக்கிறது. அப்பகுதியிலேயே உயர்ந்த இடம் அதுதான். மலைநாட்டு அன்பர் அதன்மேல் ஏற மூச்சு வாங்க மாட்டார். ஆனால் அங்கு நின்று சுற்றிலும் பார்த்தால், சில அடி உயரத்தின் பெருமை அவருக்கும் விளங்கும்.