இரண்டு பலகைகளும் ஒரு வெள்ளிக் கோப்பையும்

பாய்ப்படகுச் சங்கம் ஒன்றின் கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருக்கும் பழைய வெள்ளிக் கோப்பையைப் பார்க்கச் செல்லுகிறவர்கள், அதன் கைப்பிடிகளின் வேலைப்பாட்டையும் மூடியின் வளைவையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அப்புறம் குனிந்து, அடிப்பீடத்தைச் சுற்றி வரிசையாகப் பதித்திருக்கும் சிறு தகடுகளைத்தான் நெடுநேரம் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வருஷம். வருஷத்துக்கு அருகே ஒரு பெயர். சுழற்கோப்பை என்பது யாருக்கும் சொந்தமாகாத பொருள். ஜெயித்தவர் ஒரு வருஷ காலம் வைத்திருந்து, தம் பெயரை அதில் விட்டுவிட்டு, அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். சிறுவர் சிறுமியருக்கான கோப்பையில் இன்னொரு விசேஷமும் உண்டு: அதில் பெயர் பொறிக்கப்பட்டவர் எவரும் அந்தப் பந்தயத்தில் நீடித்து நிற்க முடியாது, வயது அவரைக் கரைக்கு அனுப்பிவிடும்.

அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் மார்பிள்ஹெட் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. பாய்ப்படகு என்றாலே அந்த ஊருக்குப் பித்து. சிறுவர்களே நிர்வாகம் செய்யும் பிளியான் என்ற படகுச் சங்கம் அங்கே 1887-இலேயே ஆரம்பமாகிவிட்டது. அதே ஊரில், பெரியவர்களின் சங்கமான ஈஸ்டர்ன் யாட் கிளப்பின் தலைவராக இருந்த ஹெர்பர்ட் சியர்ஸ் என்பவர், இளைஞர்களுக்கென்று 1921-இல் ஒரு கோப்பையை அளித்தார். சியர்ஸ் கோப்பை என்று அவர் பெயராலேயே வழங்கும் அது, பிற்காலத்தில் தேசம் முழுவதற்கும் உரிய இளைஞர் பந்தயமாக வளர்ந்தது. படகு ஒன்றுக்கு மூன்று பேர் என்பது அதன் ஏற்பாடு: ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்ற இருவரும் பாய்களைக் கவனிப்பார்கள்.

இத்தகைய கோப்பைகளைப் பற்றி யோசிக்கும்பொழுதெல்லாம் ஒரு கேள்வி கூடவே எழும்: கோப்பை யாருக்கு? நல்ல படகு வைத்திருப்பவருக்கா, நல்ல படகோட்டிக்கா? ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவனின் கால்கள் அவனுடையவை. படகுப் பந்தயத்திலோ, தகப்பனாரின் பணப்பை பிள்ளைக்கு முன்னால் ஓடிவிடக்கூடும். இதற்குப் பரிகாரமாக, பந்தயம் நடத்தும் சங்கமே ஒரே மாதிரியான படகுகளைக் கொடுத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அவற்றை மாற்றி மாற்றி ஓட்டச் செய்யும் வழக்கம் பல இடங்களில் ஏற்பட்டது. நல்ல வழக்கந்தான், ஆனால் அத்தனை படகுகளை வைத்துப் பராமரிக்கக்கூடிய செல்வச் சங்கங்களுக்கே அது சாத்தியம். ஒரு சாதாரணக் குடும்பத்துப் பத்து வயதுப் பிள்ளை, தனியாக ஏறி, தன் கையாலேயே பாயையும் சுக்கானையும் பிடித்து, மற்ற எல்லாப் பிள்ளைகளோடும் சமமாக நின்று பந்தயம் ஓட ஒரு படகு வேண்டும் என்றால், அதைப் புதிதாகவே சிருஷ்டிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சிருஷ்டி 1947-இல், ஃபுளோரிடா மாகாணத்தில் கிளியர்வாட்டர் என்ற கடலோர ஊரில் நிகழ்ந்தது. நன்மையே நடக்கும் என்ற நம்பிக்கையைத் தன் பெயராகவே சூட்டிக்கொண்ட ஆப்டிமிஸ்ட் கிளப் என்ற பொதுச்சேவைச் சங்கம், அவ்வூர்ப் பிள்ளைகளுக்காகச் 'சோப்புப் பெட்டி' வண்டிப் பந்தயம் ஒன்றை நடத்திவந்தது. பிள்ளைகள் தாமே மரப்பெட்டியில் சக்கரம் பூட்டி, எஞ்சின் இல்லாமல் சரிவில் உருட்டிச் செல்லும் விளையாட்டு அது. ஆனால் அந்த உற்சாகமெல்லாம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று. கிளிஃபர்ட் மெக்கே என்ற மேஜர் இதைப் பார்த்துவிட்டு, வருஷம் முழுதும் வெயிலும் காற்றும் அமைதியான நீர்ப்பரப்பும் இருக்கிற ஊரில் பிள்ளைகளுக்கு வண்டிக்குப் பதிலாகப் படகு கொடுத்தால் என்ன என்று யோசனை சொன்னார். படகு ஐம்பது டாலருக்குள் அடங்க வேண்டும். தகப்பனும் பிள்ளையும் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். அப்பகுதியில் படகு கட்டும் தொழில் செய்துவந்த கிளார்க் மில்ஸ் என்பவரிடம் இந்த வேண்டுகோள் சென்றது.

தச்சுப் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு மில்ஸ் எதிர்கொண்ட கஷ்டம் சட்டென்று விளங்கும். கடையில் கிடைத்த பிளைவுட் பலகை 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உடையது. அப்படி இரண்டு பலகைகளுக்குள் படகு முழுதும் அடங்கினால்தான் விலை கட்டுப்படும். 8 அடிக்கு மேல் நீளம் கூடாது என்று ஆன பிறகு, கூரான மூக்கு வைத்தால் முன்பகுதியில் மிதப்பதற்கும் உட்காருவதற்கும் உரிய இடமெல்லாம் வீணாகிவிடும். ஆகவே அவர் மூக்கையே வெட்டிவிட்டார். நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனையில், கத்தி முனைக்குப் பதிலாக ஒரு தட்டையான பலகை வந்து உட்கார்ந்தது. பார்வைக்கு அந்தப் படகு குளியல் தொட்டிக்குப் பாய் கட்டியது போலத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சதுர மூக்கினால்தான் படகு தரையில் வைத்த தட்டைப் போல நிலையாக மிதக்கிறது, நீச்சல் மட்டும் தெரிந்த பிள்ளையையும் பயமின்றி ஏற்றுக்கொள்கிறது. அழகைக் கைவிட்டு உபயோகத்தை முழுதாகப் பற்றிக்கொள்ள ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எண்ணும்போது, மில்ஸிடம் எனக்கு ஏற்படும் மதிப்பு பெரிது. வரைபடத்தை அவர் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். படகும் சங்கத்தின் பெயரையே பெற்று ஆப்டிமிஸ்ட் ஆயிற்று.

இன்றைய ஆப்டிமிஸ்டின் நீளம் 2.36 மீட்டர், அதாவது 7 அடி 9 அங்குலம். வெற்றுடலின் எடை 35 கிலோ. இரண்டு பிள்ளைகள் இருபுறமும் பிடித்தால் மணலில் தூக்கிச் செல்லலாம். பாயின் பரப்பு சுமார் 35 சதுர அடி. உள்ளே காற்றடைத்த மூன்று பைகள் வாரினால் கட்டப்பட்டிருக்கும். படகு கவிழ்ந்து உள்ளெல்லாம் நீர் நிரம்பினாலும் அவை அதை மூழ்க விடாமல் தாங்கிக்கொள்ளும். நடுவில் ஒரு நீண்ட துவாரம். அதன் வழியே ஒரு பலகையை மேலிருந்து நீருக்குள் செருகுவார்கள்.

இந்தச் செருகுபலகைதான் பாய்ப்படகின் இரகசியத்தில் பாதி. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது படகு முன்னே போவது குழந்தைக்கும் புரியும். காற்று வருகிற திசையை நோக்கியே படகு எப்படிப் போகிறது என்பதுதான் ஆச்சரியம். பாய் சமதளமான துணி அல்ல. பறவையின் சிறகைப் போல வளைவாகத் தைக்கப்பட்டது. அதன் இருபுறமும் காற்று ஓடும்போது குழிந்த பக்கத்தில் அழுத்தம் மிகுந்து, குவிந்த பக்கத்தில் குறைகிறது; அந்த வித்தியாசம் படகைக் கொஞ்சம் முன்னும் பெரிதும் பக்கவாட்டிலும் இழுக்கிறது. நீருக்குள் நிற்கும் பலகை பக்கவாட்டு இழுப்பை எதிர்த்து நிற்க, முன்னோக்கிய பங்கு மாத்திரம் மிஞ்சிப் படகை நகர்த்துகிறது. நம் கட்டுமரக்காரர்கள் பாய் விரிக்கும்போது ஒரு பலகையை நீரில் இறக்கிக்கொள்வதும் இதே காரியத்துக்காகத்தான். ஆனாலும் காற்றுக்கு நேர் எதிரே எந்தப் படகும் போகாது. சுமார் 45 பாகை விலகி ஒரு பக்கம் சென்று, திரும்பி, மறு பக்கம் சென்று, மலைப்பாதையில் வண்டி ஏறுவது போல வளைந்து வளைந்துதான் மேலே போக வேண்டும். எந்த இடத்தில் திரும்புவது என்பதில்தான் பந்தயத்தின் புத்தி முழுதும் இருக்கிறது.

பாய்மரத்தின் அடிப்பக்கத்திலிருந்து பாயின் வெளி மேல்மூலைவரை குறுக்காக ஏறும் ஒரு மெல்லிய கழி ஆப்டிமிஸ்டின் அடையாளம். அந்தக் கழியை ஒரு சிறு கயிற்றால் இழுத்தும் தளர்த்தியும் பாயின் வடிவத்தை மாற்றலாம். கழி அதிகம் இறுகினால், மேல்மூலையிலிருந்து பாய்மரத்தின் அடிவரை ஒரு மடிப்புக் கோடு விழும். தளர்ந்துவிட்டால், மரத்தின் உச்சியிலிருந்து கீழ்ப்புற வெளிமூலைவரை எதிர்க்குறுக்கில் கோடு விழும். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பந்தயம் ஆரம்பமாக மூன்று நிமிஷம் இருக்கையில், கண்ணை இடுக்கிப் பாயை அண்ணாந்து பார்த்து, 'கோடு விழுது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கயிற்றை அரை அங்குலம் இழுத்துக் கட்டுவதைப் பார்க்க வேண்டும். பௌதிகப் புத்தகத்தை அவள் இன்னும் திறக்கவில்லை. அதன் ஒரு அத்தியாயம் அவள் விரலில் இருக்கிறது.

கடல் சற்றுக் கொந்தளித்தால் சதுர மூக்கின் மேல் அலை மோதி உள்ளே நீர் புகும். அடிப்பாகத்தை வெட்டிய ஒரு பிளாஸ்டிக் குடுவை, கயிற்றினால் படகில் கட்டப்பட்டு, ஓட்டுபவரின் காலடியிலேயே கிடக்கும். ஒரு கையில் பாயின் கயிறு, மறு கையில் சுக்கானின் நீட்டிப்பிடி; பாதங்கள் தரையிலுள்ள வாருக்குள் நுழைந்திருக்க, உடம்பு படகுக்கு வெளியே காற்றுப் பக்கம் சாய்ந்து கவிழாமல் எடை கொடுத்துக்கொண்டிருக்கும். இந்த நிலையில் கயிற்றையும் நீட்டிப்பிடியையும் ஒரே கைக்கு மாற்றி, மற்றக் கையால் குடுவையில் நீரை மொண்டு வெளியே வீசுவதென்பது, பெரியவர்கள் பலருக்கும் கைவராத ஒரு வித்தை. படகில் நிற்கும் ஒவ்வொரு வாளி நீரும் பத்துக் கிலோ அளவு பாரம் ஆகையால், மொள்ளத் தெரியாத பிள்ளை பாய் வித்தையில் எவ்வளவு தேர்ந்தாலும் பின்தங்கிவிடும்.

ஐந்து நிமிஷ எச்சரிக்கை, கொடி ஏற்றம், ஒரு நிமிஷ எச்சரிக்கை, பிறகு புறப்பாடு என்ற முறை பெரியவர்களின் பந்தயத்தில் உள்ளதே. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டின் பின்னால் எல்லாப் படகும் நெருக்கியடித்து நிற்க, புறப்பாட்டுக் கணத்துக்கு முன்னால் கோட்டைத் தாண்டிய படகு திரும்பி வந்து மறுபடி தாண்ட வேண்டும். மதிப்பெண் கணக்கு நம் பள்ளிக்கூடக் கணக்குக்கு நேர் எதிரானது: முதல்வருக்கு 1, இரண்டாமவருக்கு 2, மொத்தம் குறைந்தவர் ஜெயிப்பார். நடுவர் எல்லா இடத்திலும் இருக்க முடியாத பரந்த நீர்ப்பரப்பில், விதியை மீறிய பிள்ளை தானாகவே அதை ஒப்புக்கொண்டு, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்துக்கு ஒதுங்கி, படகை இரண்டு முறை முழு வட்டமாகச் சுற்றிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். இடப்புறத்திலிருந்து காற்று வாங்குகிற படகு, வலப்புறத்திலிருந்து வாங்குகிற படகுக்கு வழிவிட வேண்டும் என்ற விதியை மீறியதற்காக, முன்னணியில் வந்த பையன் ஒருவன் இரண்டு வட்டம் அடித்துப் பத்தாவது இடத்துக்குப் போவது அங்கே சாதாரணக் காட்சி. ஆபத்தில் இருப்பவருக்கு எந்தப் போட்டியாளரும் உதவ வேண்டும் என்பது அடிப்படை விதி. அப்படி நின்றதால் இழந்த இடத்தை ஈடுசெய்து தரவும் விதியில் வழி இருக்கிறது. கோப்பையில் பொறிக்கும் பெயர் இவ்வளவையும் கடந்து வந்த பெயர்.

1954-இல் அக்ஸல் டாம்கார்ட் என்ற டென்மார்க் தேசத்தவர் இப்படகைச் சிறு மாறுதல்களோடு தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து அது ஐரோப்பா எங்கும் பரவிற்று. 1960-இல் அளவுகளுக்கு ஒரு நிர்ணயம் ஏற்பட்டது. 1962-இல் இங்கிலாந்தில் முதல் உலகப் பந்தயம் நடந்தது. 1965-இல் சர்வதேசச் சங்கம் தோன்றியது. பிளைவுட்டின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்துக்கொண்ட பிறகு, இலேசான உடல், கனமான உடல் என்று கட்டுபவர்களின் தந்திரங்கள் நுழையத் தொடங்கவே, 1995 முதல் எல்லாப் படகும் எந்தத் தொழிற்சாலையில் உருவானாலும் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாக விதித்தார்கள். மேலே கேட்ட கேள்விக்கு அன்றுதான் சரியான விடை கிடைத்தது என்பது என் அபிப்பிராயம். கண்டத்துக்கொரு பந்தயம், நாட்டுக்கொரு பந்தயம், மாகாணத்துக்கொரு பந்தயம் என்று கோப்பைகள் பெருகியதற்கும் இந்தச் சமத்துவமே காரணம். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஆப்டிமிஸ்ட் ஓடுகிறது. நான்கு ஒலிம்பிக் தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்ற பிரிட்டிஷ் வீரர் பென் எய்ன்ஸ்லி, எட்டு வயதில் கார்ன்வால் கழிமுகம் ஒன்றில் பிடித்த முதல் சுக்கான் இந்தப் படகினுடையது.

ஆசிய விளையாட்டுப் பந்தயங்களிலும் ஆப்டிமிஸ்ட் இடம்பெற்றதுண்டு. 2014-இல் இஞ்சியோனில் நடந்தபோது அது ஒரு பிரிவாக இருந்தது. சென்னைத் துறைமுகத்துக்குள், பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911-இல் நிறுவிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் வாசலில், பெரிய சரக்குக் கப்பல்களின் நிழலிலே இந்தக் குட்டிப் படகுகள் பாய் விரிக்கின்றன. சென்னை நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டினார். கணபதியும் வருண் தக்கரும் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார்கள். வேலூர் விஷ்ணு சரவணன் 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார். இவை பெரிய படகுகளில் பெற்ற வெற்றிகள்; அந்தப் பெரிய படகுகளுக்குப் பிள்ளைகள் ஏறிச் செல்லும் முதற்படி சதுர மூக்குத் தொட்டிதான்.

பதினைந்து வயது நிறைகிற வருஷத்தோடு ஆப்டிமிஸ்ட் பந்தயங்களுக்குத் தகுதி முடிகிறது. பெரும்பாலும் அதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும்: முழங்கால் மடங்க இடம் போதாது, எடை 50 கிலோவைத் தாண்டும்போது படகின் பின்பகுதி நீரை இழுக்கத் தொடங்கும். அப்பொழுது பிள்ளை 4.2 மீட்டர் நீளமுள்ள ஐ.எல்.சி.ஏ. போன்ற படகுக்குப் போய்விடுகிறது. கடைசிப் பந்தயம் முடிந்த மாலையில், பாயைச் சுருட்டி, குடுவையைக் கழுவிக் கயிற்றோடு உள்ளே போட்டு, செருகுபலகையை உறையில் இட்டு, கரையில் காத்திருக்கும் எட்டு வயதுக்காரனிடம் அந்தப் படகைக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் முதலில் செய்வது, கழியின் கயிற்றைத் தன் உயரத்துக்கு எட்டுகிறதா என்று இழுத்துப் பார்ப்பது.