மருத்துவக் கல்வியில் நேரப் பங்கீடு: சில குறிப்புகள்

மருத்துவ பீடங்களிற் பயிலும் மாணவர் பலர், நேரம் போதாமையைத் தமது தனிப்பட்ட குறைபாடாகவே கருதுகின்றனர். விடியலில் எழுந்து ஒழுங்காகப் படித்தால் யாவும் சரியாகிவிடும் என்ற அறிவுரையும் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றது. உழைப்பின் அவசியத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், நேரம் எல்லோருக்கும் ஒரே அளவிற் கிடைக்கும் பொருளன்று. சமூக நிலைமைகளே அதனை வகுக்கின்றன. இதனை மனங்கொண்டே பாடங்களுக்கிடையிலான நேரப் பங்கீட்டை நாம் நோக்கவேண்டும்.

பாடங்கள் தனித்தனியே பிரிந்து நிற்பது இயற்கை நியதியன்று. 1910 ஆம் ஆண்டில் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் வட அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பற்றி வெளியிட்ட அறிக்கை, முதலில் ஆய்வுகூட விஞ்ஞானங்கள், பின்னர் வைத்தியசாலைப் பயிற்சி என்ற ஒழுங்கினை அங்கு நிலைநிறுத்திற்று. 1952 இல் அமெரிக்காவின் வெஸ்டேர்ண் றிசேர்வ் பல்கலைக்கழகம் உறுப்புத் தொகுதிகளை அடிப்படையாகக் கொண்டு பாடங்களை இணைக்கத் தொடங்கியது. 1969 இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் நோயாளரின் பிரச்சினைகளையே கற்றலின் தொடக்கமாக்கியது. பாடங்களின் எல்லைகள் மனிதர் வகுத்தவை என்பதும், மாற்றத்தக்கவை என்பதும் இவற்றாற் புலனாகும்.

முதற் கட்டத்தில் மாணவர் எதிர்கொள்ளும் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் ஆகிய மூன்றும் மூன்று வகையான உழைப்பை வேண்டுவன. உடற்கூற்றியல் பெயர்களையும் இடத்தொடர்புகளையும் கொண்டது. பார்த்தும் வரைந்தும் பயின்றாலன்றி விரைவில் மறந்துபோகும். உடற்றொழிலியல் காரணகாரியத் தொடர். சிறுநீரகம் எவ்வாறு நீரையும் உப்பையும் சமநிலையில் வைத்திருக்கின்றது என்பதை இடையறாது சிந்தித்தே விளங்கிக்கொள்ள முடியும். உயிர் இரசாயனவியலிலோ தாக்கங்களின் வழித்தடங்களை நினைவிற் கொள்வதுடன் அவற்றின் பயனையும் உணரவேண்டும். ஆதலின், மூன்றுக்கும் சம மணித்தியாலம் ஒதுக்குவது சமநிலை ஆகாது. ஒவ்வொன்றுக்கும் அதன் இயல்புக்கேற்ற நேரத்தை வழங்குவதே சமநிலையாகும்.

நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளும் இங்கு துணைபுரிகின்றன. கற்றது காலப்போக்கில் எவ்வாறு மறைகின்றது என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885 இல் தம்மையே சோதித்து அளந்து காட்டினார். 2006 இல் றோடிகரும் கார்ப்பிக்கேயும் வெளியிட்ட பரிசோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தோர் ஐந்து நிமிடத்தின் பின் சிறந்து விளங்கினர். ஒரு வாரத்தின் பின்னரோ, வாசித்ததை நினைவிலிருந்து மீட்டுப் பார்த்தோரே முன்னணியில் நின்றனர். பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுவதும் வாசித்தவருக்கு அடுத்த தவணையில் எதுவும் எஞ்சாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். விரிவுரைகள் முடிந்தபின் மூன்று மணித்தியாலம் கிடைக்கின்றதெனின், முதல் நாற்பது நிமிடத்தில் முந்திய நாட்களில் அறுத்துப் பார்த்த பகுதியைப் புத்தகத்தை மூடிவைத்து வரைந்து பார்க்கலாம். அடுத்த தொண்ணூறு நிமிடத்தை இடையறாது உடற்றொழிலியலுக்கு வழங்கி, எஞ்சிய ஐம்பது நிமிடத்தை உயிர் இரசாயனவியலுக்கு ஒதுக்கலாம். மறுநாள் இவ்விரண்டையும் இடம் மாற்றலாம். வாரத்தில் ஒரு மாலையை எப்பாடத்துக்கும் ஒதுக்காது நிலுவைக்கென விட்டுவைப்பது நன்று. அண்மித்து வரும் பரீட்சை ஏனைய பாடங்களின் நேரத்தை விழுங்கிவிடும். அவ்வேளையிலும் அவற்றுக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடமேனும் காப்பாற்றப்படவேண்டும். இயன்ற இடங்களில் பாடங்களை இணைத்துப் படிப்பதும் நேரத்தை மீதப்படுத்தும். இதயத்தின் முடியுரு நாடிகளையும், இதயத் துடிப்பின் வட்டத்தையும், கொலஸ்திரோலையும் ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்கு விளக்கமாகும்.

ஆனால் அம்மூன்று மணித்தியாலம் யாருடையது என்ற வினா எஞ்சிநிற்கின்றது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் தாய்மொழிப் போதனையும் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தன. எனினும் மருத்துவ பீடத்தின் போதனாமொழி ஆங்கிலமே. உயர்தரம் வரை தமிழிற் கற்ற தோட்டத்து மாணவி ஒருத்தி ஒரு பக்கத்தை வாசிக்கும் நேரத்தில், வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் பல பக்கங்களைக் கடந்துவிடுகின்றார். மொழியின் பேரால் அவளிடமிருந்து அறவிடப்படும் இவ்வரி எந்த நேரசூசியிலும் பதிவாவதில்லை.

இது தவிர்க்கமுடியாத விதியன்று. மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்தது. மிஷனரி இயக்கத்தின் நோக்கங்கள் பற்றிய நமது விமர்சனம் ஒருபுறமிருக்க, தமிழால் இயலும் என்பதை அவ்வுழைப்பு நிறுவிற்று. இன்றும், ஒரு கருத்தை முதலிற் சக மாணவருக்குத் தமிழில் விளக்கிவிட்டு, பின்னர் ஆங்கிலக் கலைச்சொற்களைப் பயில்வது பயன் தரும். குழுவாகக் கற்போர் தலைப்புகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் கற்பிக்கலாம். தனியொருவரின் நேரம் அவ்வாறு கூட்டு நேரமாகின்றது.

எனவே, நேரசூசியைச் சீர்செய்யும் பொறுப்பு மாணவரோடு முடிந்துவிடுவதில்லை. இருமொழிக் கலைச்சொற் கையேடுகள், இரவிலும் திறந்திருக்கும் நூலகங்கள், பஸ்ஸில் நேரத்தை இழக்காதிருக்க விடுதி வசதிகள், முதலாண்டுக்கு முன்பே போதிய ஆங்கிலப் பயிற்சி ஆகியவற்றை வழங்குதல் பல்கலைக்கழகத்தின் கடமை. இவற்றைக் கோருவது சலுகை கேட்பதாகாது. நாளை கிராமத்து வைத்தியசாலையில் நோயாளியின் மொழியிற் பேசவல்ல மருத்துவரை இவ்வாறே நாம் உருவாக்கமுடியும்.