பச்சை விளக்கு எரிந்தால் சுருதி சேர்ந்துவிட்டதா?

மேடை நிகழ்ச்சி நடத்தும் எங்களைப் போன்ற அறிவிப்பாளர்களுக்கு அதிகம் பயம் தருவது மேடையில் விழும் அமைதிதான். பாடகர் தயாராக நிற்பார், கீபோர்டு தயார், தபேலா தயார். கித்தார் வாசிப்பவர் மட்டும் குனிந்து முறுக்காணியைத் திருகிக்கொண்டிருப்பார். அரை நிமிடம் கடந்தால் எங்களுக்குத் தாங்காது. "தம்பி, விடிஞ்சிடும் போலிருக்கே" என்று ஏதாவது சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிடுவோம். நானும் பல மேடைகளில் அப்படிச் சொன்னவள்தான்.

ஒரு தீபாவளிக் கலை இரவில் அப்படிச் சொன்னது இன்னும் மனத்தில் உறுத்துகிறது. அந்த இளைஞர் அவசர அவசரமாக நிமிர்ந்து வாசிக்கத் தொடங்கினார். கித்தாரும் கீபோர்டும் சேர்ந்து ஒலித்த இடங்களில் எல்லாம் ஏதோ அலைபாய்ந்தது. பாடகி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள், "சுருதி சேர்க்கவே தெரியாதவரை யார் கூப்பிட்டது?" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் கித்தாரின் தலையில் கவ்வியிருந்த டியூனரைக் காட்டினார். ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு. யாரும் நம்பவில்லை.

இதையே எங்கள் கலந்துரையாடல் அரங்கில் ஒரு நாள் பேச்சுப் பொருளாக எடுத்துக்கொண்டோம். கித்தார் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர், ஒலி அமைப்பாளர் ஒருவர், அந்த இளைஞர் ஆகிய மூவரும் வந்திருந்தார்கள். மாஸ்டர் முதல் வேலையாக டியூனரை வாங்கிப் பார்த்தார். திரையின் மூலையில், கண்ணுக்கே தெரியாத அளவில் ஓர் எண் இருந்தது: 445. மேடைக்குப் பின்னால் யாரோ பொத்தானை அழுத்தி விளையாடியிருக்க வேண்டும். இளைஞரும் அன்றிலிருந்து அதைக் கவனிக்கவே இல்லை.

அந்த எண் என்ன? ஏ என்ற சுரம் நொடிக்கு எத்தனை முறை அதிர வேண்டும் என்ற கணக்கு அது. பழங்காலத்தில் ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1939இல் லண்டனில் கூடிய அனைத்துலக மாநாடு 440 ஹெர்ட்ஸ் என்று பரிந்துரைத்தது. 1975இல் அது ஐஎஸ்ஓ 16 என்ற தரமாக உறுதியானது. ஆனாலும் ஐரோப்பாவில் சில இசைக்குழுக்கள் 442, 443 என்று சற்று ஏற்றியே வாசிக்கின்றன. அதற்காகத்தான் டியூனரில் அந்த எண்ணை மாற்ற வசதி வைத்திருக்கிறார்கள்.

இசையில் சிறு வேறுபாட்டை 'சென்ட்' என்று அளக்கிறார்கள். ஒரு ரிங்கிட்டுக்கு 100 சென் என்பதைப் போல, கித்தாரில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு 100 சென்ட். நல்ல டியூனர்கள் 1 சென்ட் வரை சரியாகக் காட்டும். ஸ்ட்ரோப் வகையில் அதில் பத்தில் ஒரு பங்கு வரை போகும். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் இரண்டு ஒலிகளில் ஏறத்தாழ 5 சென்ட் வேறுபாடு இருந்தால்தான் நம் காது கண்டுபிடிக்கும். ஆகவே இயந்திரத்தின் துல்லியத்தில் குறை இல்லை. 445க்கும் 440க்கும் இடையே சுமார் 20 சென்ட். கீபோர்டு 440இல் இருக்க, அந்த இளைஞரின் டியூனர் ஆறு கம்பியையும் மிகத் துல்லியமாகத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் ஏ சுரத்தை ஒலித்தால் நொடிக்கு ஐந்து முறை ஒலி ஏறி இறங்கும். பாடகி திரும்பிப் பார்த்தது அதனால்தான்.

எண் சரியாக இருந்தாலும் மேடை வேறு சில வழிகளில் நம்மை ஏமாற்றும். கம்பியைப் பலமாக மீட்டினால் அது இழுபட்டு, முதலில் சுருதி சற்று மேலே நிற்கும். பிறகுதான் இறங்கி நிலைக்கும். தடித்த ஆறாவது கம்பியில் இது தெளிவாகத் தெரியும். அந்தக் கம்பி நொடிக்கு 82 முறைதான் அதிர்கிறது, மெல்லிய முதல் கம்பியோ ஏறத்தாழ 330 முறை. குறைவாக அதிர்வதை அளந்து முடிக்க டியூனருக்கும் கூடுதல் நேரம் வேண்டும். அவசரக்காரர் மீட்டிய கணத்திலேயே பச்சையைப் பார்த்துக் கையை எடுத்துவிடுகிறார். ஒலி நீளும்போது கம்பி இறங்கிக் கிடக்கிறது. "மென்மையாக மீட்டி, முள் அசையாமல் நிற்கும் வரை காத்திரு" என்பது மாஸ்டரின் பாடம். பாட்டு முழுக்க வேகமாக அடித்து வாசிப்பவராக இருந்தால் மட்டும், அதே பலத்தில் மீட்டிச் சுருதி சேர்க்கலாம் என்றார்.

அடுத்தது நம் ஊர்ச் சங்கதி. குளிர்சாதன அறையில் சுருதி சேர்த்துவிட்டு, திடலில் போட்ட மேடைக்கு வருகிறோம். மேலே விளக்குகளின் வெப்பம். எஃகுக் கம்பி சூடானால் நீளும், இழுவை குறையும், சுருதி இறங்கும். மரமோ கம்பியின் வேகத்துக்குச் சூடாவதில்லை. எல்லாக் கம்பியும் ஒரே அளவு இறங்கினாலாவது பரவாயில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இறங்கும். அறையில் எரிந்த பச்சை விளக்குக்கு மேடையில் மதிப்பு இல்லை. பத்து நிமிடம் கித்தாரை மேடையிலேயே வைத்திருந்து, பிறகு சேர்ப்பதுதான் முறை.

ஒலி அமைப்பாளருக்கு வேறு கவலை. கைப்பேசிச் செயலி ஒலிவாங்கி வழியாகக் கேட்பதால், அருகில் டிரம்ஸ் ஒலித்தால் குழம்பிப் போகும். தலையில் கவ்வும் டியூனர் மரத்தின் அதிர்வைப் படிக்கிறது. ஆனால் பக்கத்தில் பேஸ் ஒலிபெருக்கி முழங்கினால் மரமே அதிர்கிறதே! கேபிள் வழி இணையும் பெடல் டியூனருக்கு இந்தத் தொல்லை குறைவு. கம்பியின் ஒலி மட்டும் அதற்குள் போகிறது; காலால் அழுத்தினால் சபைக்கு ஓசை கேட்காது. பிக்கப் இல்லாத மரக் கித்தாருக்கு மட்டும் இது உதவாது.

மாஸ்டர் சொன்னவற்றில் எனக்குப் புதிதாக இருந்தது ஒன்று. சிலர் டியூனரில் எல்லாம் சரியாகச் சேர்த்த பிறகு ஜி கோர்டை மீட்டிப் பார்த்து, பி கம்பி கூர்மையாகக் கேட்கிறது என்று சற்றுத் தளர்த்துகிறார்கள். அவர்கள் காது பொய் சொல்லவில்லை. தம்புராவோடு கேட்டால் இனிக்கும் அந்தரகாந்தாரம் 386 சென்டில் இருக்கிறது. கித்தாரின் கட்டங்களோ அதை 400இல் வைத்திருக்கின்றன. 14 சென்ட் வேறுபாடு. ஆனால் ஜி கோர்டுக்காக இறக்கிய அதே பி கம்பி, இ கோர்டில் பஞ்சமமாக வந்து நிற்கும்போது அங்கே பிசகிவிடும். ஒரு பாட்டில் இரண்டும் வரும். எனவே அதைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது அவர் கருத்து. நம் பாட்டுக்குப் பழகிய காதுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

கம்பி மேலே போய்விட்டால் நேராக இறக்கிப் பச்சையில் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். தேவைக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் முறுக்காணியிலும் கம்பி போகும் பள்ளத்திலும் தங்கிய தளர்ச்சி, இரண்டு வரி வாசிப்பதற்குள் சுருதியை இழுத்துவிடும்.

"இத்தனையும் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். ஆறு கம்பிக்கு இரண்டு நிமிடம் போதும் என்றார் மாஸ்டர். இளைஞர் என்னைப் பார்த்து, "அக்கா, அந்த ரெண்டு நிமிஷத்தை யார் தர்றா?" என்றார். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

சென்ற மாதம் மீண்டும் ஒரே மேடையில் சந்தித்தோம். கித்தாருக்குச் சுருதி சேரும் வரை, அடுத்து வரும் பாட்டுக்கு இசையமைத்தவரைப் பற்றிச் சபையிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் முதலில் கீபோர்டுக்காரரிடம் ஏ சுரத்தை ஒலிக்கச் சொல்லிக் கேட்டார், பிறகே டியூனரைப் பார்த்தார். அந்த எண்ணை மாற்றும் பொத்தானின் மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒரு துண்டு ஒட்டியிருந்தது.