மேலே போகப் போக உப்பும் பாக்கெட்!

சேலம் பஸ் ஸ்டாண்டுல ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்குங்க. பிரிக்காம ஏற்காடு பஸ்ல ஏறுங்க. 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போய் எடுத்துப் பார்த்தா... பலூன் மாதிரி உப்பி நிக்கும்! ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு. வெளியே காற்றழுத்தம் குறைய, உள்ளே அடைச்சிருக்கிற நைட்ரஜன் விரியுது. அப்படியும் கவர் கிழியாது. அந்தக் கவர்தான் நம்ம ஹீரோ. (வில்லனும் அவரேதான்!)

உள்பக்கம் பளபளன்னு மின்னுதே, அது அலுமினியம். தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல மெல்லிசான பூச்சு. ஒரு தமாஷ் தெரியுமா? அலுமினியத்துக்கு மூலமான பாக்சைட் இந்தச் சேர்வராயன் மலையிலேயே வெட்டி, மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போச்சு. 2008-ல் அங்கே உருக்குறது நின்னுபோச்சு.

அந்தப் பூச்சைத் தாங்குற ஃபிலிம் பெட்ரோலியத்துல இருந்து வருது. பாலிப்ரொப்பிலீனை உருக்கி, நீளவாக்குலயும் அகலவாக்குலயும் இழுத்துச் செய்றாங்க. பேரு 'பி.ஓ.பி.பி.' இதை இந்தியா நிறையவே ஏற்றுமதி பண்ணுது. கச்சா எண்ணெய் விலை ஏறினா இதுவும் ஏறும். ஆனா பாக்கெட் விலையை சட்டுன்னு ஏத்த மாட்டாங்க... உள்ளே சிப்ஸ் குறையும், அவ்வளவுதான்!

சரி, தின்னு முடிச்சாச்சு. பகோடா பாயின்ட்டுல நின்னுக்கிட்டு கவரைத் தூக்கிப் போட்டா என்ன ஆகும்? தண்ணி பாட்டில்னா யாராவது பொறுக்கிடுவாங்க. காயலான் கடையில காசு கிடைக்கும். சிப்ஸ் கவரை யாரும் தொட மாட்டாங்க. ஒரு கிலோ சேர நூத்துக்கணக்குல பொறுக்கணும். ஒட்டின அடுக்குகளைப் பிரிக்கிறதும் பெரும்பாடு. சிமென்ட் ஆலைச் சூளையில எரிக்கலாம். ஆனா அதுவரைக்கும் வண்டி வாடகையை யாரு கொடுப்பா?

உலகம் முழுக்க இதே கதைதான். பணக்கார நாடுகள் பல வருஷமா பிளாஸ்டிக் குப்பையைக் கப்பல்ல ஏத்தி சீனாவுக்கு அனுப்பிட்டு இருந்தாங்க. 2018 ஜனவரியில சீனா 'போதும் சாமி'ன்னு கதவைச் சாத்திடுச்சு. 2019-ல் இந்தியாவும் இறக்குமதிக்குத் தடை போட்டுச்சு. 2021 ஜனவரியில இருந்து, கலந்துகட்டின பிளாஸ்டிக் குப்பையை அனுப்பணும்னா வாங்குற நாட்டோட சம்மதம் வேணும்னு பாசெல் ஒப்பந்தம் சொல்லுது. கப்பல் வச்சிருக்கிறவனுக்கே இந்தப் பாடுன்னா, மலைமேல இருக்கிற ஊரு என்ன செய்யும்?

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல் கேரி பேக்குக்கும் பிளாஸ்டிக் கப்புக்கும் தடை வந்தப்போ, கம்பெனியில சீல் பண்ணி வர்ற கவருக்கு விலக்கு கொடுத்தாங்க. டீக்கடைக்காரர் மாட்டினார், பாக்கெட் தப்பிச்சுது. நியாயமான்னு நீங்களே சொல்லுங்க! 2022-ல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, பல அடுக்கு கவருக்குத் தனி வகை ஒதுக்கி, தயாரிக்கிற கம்பெனியே திரும்ப எடுக்கிற கணக்கைக் காட்டணும்னு சொல்லியிருக்கு. காகிதத்துல காட்டுற கணக்கும், லேடீஸ் சீட் பாறை இடுக்குல கிடக்கிற கவரும் ஒத்துப்போகுதான்னு அடுத்த டூர்ல நீங்களே பாருங்க.

ஆமா, உப்பின பாக்கெட்டைப் பிரிக்காமலே கீழே கொண்டு வந்தா, சேலத்துல பழையபடி இளைச்சுடும். அங்கே வந்தே தின்னுங்களேன்!